ஏழாம் எண்

'வட்டு எதுவும் காணப்படவில்லை'
என்கிறது திரை, நான்காவது முறையாக.
பெட்டியில் காதை வைக்கிறேன்.
உள்ளே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது,
ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல்
இடையிடையே ஒரு செருமலோடு.
முழுப் பூசணிக்காய் இதோ.
எந்தச் சோற்றில் மறைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

இசிபிங்கோ. பெயின்ட் ஆலை. இரவு ஒன்பது நாற்பது.
பன்னிரண்டுக்கு இந்தப் பக்கம் மின்சாரம் போகும்,
அட்டவணைப்படி இரண்டரை மணி நேரம்.
விடிந்தால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு
நானூறு லிட்டர் நீலம் கலக்க வேண்டும்.
சாயம் ஊற்றும் இயந்திரமோ
இந்தப் பெட்டி சொன்னால்தான் கேட்கும்.
பெட்டிக்கு வயது இருபத்தாறு,
என்னைவிட மூன்று மாதம் மூத்தது.

"புதுசு வாங்கிடலாமே" என்றேன் மத்தியானம்.
முதலாளி மூட்லி
இயந்திரத்தின் விலையைச் சொன்னார்.
நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

பழைய வட்டு செத்துப்போய்
பைன்டவுனில், மூடிய பேக்கரி ஒன்றின் கணினியிலிருந்து
கழற்றி வாங்கிய வட்டு இது.
திருகு இடுக்கில் இன்னும் மாவு.

கம்பியை மாற்றினேன்.
கம்பியின் கடைசியில் முனையடைப்பு இருக்கிறதா என்று பார்த்தேன்.
இல்லாவிட்டால் சொன்ன சொல்
சுவரில் மோதித் திரும்பி வந்து
அடுத்த சொல்லோடு சண்டை போடும்.
இருக்கிறது. இறுக்கமாக இருக்கிறது.

அப்புறம்தான் உறைத்தது:
புது இயங்குதளத்துக்கு இந்த அட்டையைத் தெரியாது.
அட்டை செய்த கம்பெனியை ஒருவன் வாங்கி,
அவனை இன்னொருவன் விழுங்கி,
கடைசியில் யாரோ ஒரு வரியை அழித்துவிட்டார்கள்.
ஆறு வருடம் பழைய பதிப்பைத் தேடி எடுத்தேன்.
பதினொன்றே கால். எழுதி, செருகி, தொடக்கினேன்.

வட்டு தெரிந்தது.
ஏழு வட்டுகள் தெரிந்தன.

ஒன்றுமில்லை என்ற வாயால்
ஒரே அளவு, ஒரே பெயர், ஒரே தொடர் எண்ணில்
ஏழு.
சிரித்துவிட்டேன். தனியாக. சத்தமாக.
வாசலில் இருந்து பெக்குமுஸி எட்டிப் பார்த்தார்.

இந்தக் கம்பியில் ஆளுக்கொரு எண்.
கேட்கிற அட்டைக்கு ஏழு.
பேக்கரி வட்டும் தன்னை ஏழு என்றே நினைத்திருந்தது.
அதனால் யாரைக் கூப்பிட்டாலும்
இதுவே 'உள்ளேன் ஐயா'.
பூஜ்யம்? உள்ளேன். ஒன்று? உள்ளேன்.
தொடங்கும்போதே அட்டை சொல்லியிருக்கிறது,
அரை விநாடி வெள்ளை எழுத்தில்.
நான் அப்போது டீயைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

என் வகுப்பில் படையாச்சிகள் ஐந்து பேர்.
டீச்சர் எங்களை எண் போட்டுக் கூப்பிடுவார்.
நான் நான்கு.

வட்டின் பின்னால் மூன்று ஜோடி ஊசிகள்:
ஒன்று, இரண்டு, நான்கு.
மூன்றுக்கும் தொப்பி போட்டால் கூட்டுத்தொகை ஏழு.
இரண்டு தொப்பியைக் கழற்றினால் போதும்.
அரிசியில் பாதி. நகத்தால் நெம்பினேன்.
ஒன்று கையில் வந்தது,
ஒன்று தெறித்தது,
அந்த நொடியில் ஊரே அணைந்தது.

"என்ன விழுந்தது?"
"சின்னது. கறுப்பு."
பெக்குமுஸி டார்ச்சோடு மண்டியிட்டார்.
வீட்டைப் பார்த்துக்கொள் என்பது அவர் பெயர்;
பல வருடக் கறை படிந்த தரையில்
ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார்.
'தேவையில்லை, கழற்றத்தான் வேண்டியிருந்தது'
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவர்
சிவப்பு டின்னுக்கு அடியில் கையை விட்டிருந்தார்.

முழங்கையெல்லாம் சாயம்.
உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.
"இது இல்லாமல் ஓடாதா?"

"ஓடாது" என்றேன்.

இரண்டரைக்கு விளக்கு வந்தது.
ஒரே ஒரு வட்டு. எண் நான்கு.
கோப்புகள் நகர்கின்றன;
நாற்பத்தொரு சதவீதத்தில் நின்று
என்னவோ யோசிக்கிறது.
யோசிக்கட்டும்.

தொப்பி என் சட்டைப்பையில்.
அவர் பார்க்கும்போது மட்டும்
பெட்டியின் பின்பக்கம்
எதையோ மாட்டுவதுபோல் குனிகிறேன்.